ஒலிக்காத சப்வூஃபர்: ஆம்ப்ளிஃபையரைக் குறை சொல்வதற்கு முன்

காரின் டிக்கியில் இருக்கும் சப்வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய ஸ்பீக்கர், திடீரென்று ஒலிக்காமல் போனால், பெரும்பாலான கடைகளில் முதலில் கிடைக்கும் தீர்ப்பு ஆம்ப்ளிஃபையர் போய்விட்டது என்பதுதான். சில நேரங்களில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு மல்டிமீட்டரைக்கூட வைத்துப் பார்க்காமல் சொல்லப்படும் தீர்ப்பை நான் ஏற்பதில்லை. நான் பார்த்தவரையில், ஒலிக்காத ஆம்ப்ளிஃபையர்களில் பல, உள்ளே எந்தப் பழுதும் இல்லாமல், வெளியிலிருந்து வர வேண்டிய ஏதோ ஒன்று வராததால் சும்மா கிடப்பவை. வராதது எது என்று கண்டுபிடிக்கச் சாதாரண மீட்டர் ஒன்று போதும். ஆனால் அந்த மீட்டர் சொல்வதை எப்போது நம்பலாம், எப்போது நம்பக் கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பதிவின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

பெங்களூரில் எங்கள் அடுக்ககத்தின் மேல்தளத்தில் வசிக்கும் அண்ணன் கிருஷ்ணகிரிக்காரர். வார இறுதிகளில் ஓசூர் சாலை வழியாக ஊருக்குப் போய்வருபவர் என்பதால், காரில் பாட்டு இல்லாமல் அவருக்கு ஆகாது. பழைய ஸ்டீரியோவை எடுத்துவிட்டுத் தொடுதிரையுள்ள ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ ஒன்றை ஜே.சி. சாலைக் கடை ஒன்றில் பொருத்திக்கொண்டார். அதே வேலையோடு வேலையாக, டிக்கியின் தரையில் கிடந்த ஆம்ப்ளிஃபையரையும் பின்னிருக்கையின் முதுகுப்புறத்துக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். முன்கதவு ஸ்பீக்கர்கள் நன்றாகப் பாடின. 12 அங்குல சப்வூஃபரிலிருந்து மட்டும் ஒரு முனகல்கூட வரவில்லை. திரும்பக் கொண்டுபோய்க் கேட்டதற்கு, “ஆம்ப் ஹோகிதெ சார், ஹொஸது ஹாக்கோண” (ஆம்ப் போய்விட்டது, புதியது போடலாம்) என்று கன்னடத்தில் சொல்லி, புதியதற்கு விலையும் சொல்லியிருக்கிறார்கள். “தம்பி, போன வாரம் வரைக்கும் பாடிக்கிட்டு இருந்தது. ஸ்டீரியோவை மாத்தினதும் எப்படிப் போகும்? நீங்க ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்க” என்றார். கேள்வி நியாயமானது. ஒரு வேலை நடந்த கையோடு தோன்றும் கோளாறை, அந்த வேலை தொட்ட இடங்களில்தான் முதலில் தேட வேண்டும்.

ஆம்ப்ளிஃபையருக்கு வேண்டிய இணைப்புகள் ஐந்துதான்: பேட்டரியிலிருந்து நேராக வரும் பாசிட்டிவ் ஒயர், காரின் உடலோடு சேரும் எர்த் ஒயர், ஸ்டீரியோ இயங்கும்போது மட்டும் ஆம்ப்ளிஃபையரை இயக்கும் மெல்லிய ரிமோட் ஒயர், பாட்டைச் சுமந்து வரும் ஆர்சிஏ ஒயர், சப்வூஃபருக்குப் போகும் ஸ்பீக்கர் ஒயர். இவற்றில் முதல் இரண்டும் ஏன் அவ்வளவு தடிமனாக இருக்கின்றன என்று புரிந்துகொண்டால் மற்றது எளிது. ஸ்டீரியோவுக்குள்ளேயே இருக்கும் சிறிய ஆம்ப்ளிஃபையர், காரின் மின்னழுத்தத்தை அப்படியே பயன்படுத்துகிறது. என்ஜின் ஓடும்போது கிடைக்கும் 14.4 வோல்ட்டை வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்குக் கணக்கின்படி 26 வாட் வரையிலும், நடைமுறையில் 20 வாட்டை ஒட்டியும்தான் அதனால் தெளிவாகத் தர முடியும், பெட்டியின் மேல் 50 வாட் என்று அச்சிட்டிருந்தாலும். டிக்கியில் இருக்கும் ஆம்ப்ளிஃபையரோ, தனக்குள் இருக்கும் ஒரு மின்சுற்றால் 12 வோல்ட்டைப் பல மடங்கு உயர்த்திக்கொண்டு, அதன் பிறகே ஒலியைப் பெருக்குகிறது. 500 வாட் தரும் கிளாஸ் டி வகை ஆம்ப்ளிஃபையர் ஒன்று, இழுக்கும் மின்சாரத்தில் 80 விழுக்காட்டை வெளியே தருகிறது என்று வைத்துக்கொண்டால், முழு ஒலியில் அது 13.8 வோல்ட்டில் ஏறக்குறைய 45 ஆம்பியர் இழுக்கும். பழைய கிளாஸ் ஏபி வகை என்றால் 60 ஆம்பியரைத் தாண்டும். வீட்டில் ஏசிக்குப் போடும் எம்சிபிகூட இந்த அளவு மின்னோட்டத்தில் விழுந்துவிடும்.

இந்தக் கணக்கால் இன்னொரு பயனும் உண்டு. மேலே 5000 வாட் என்று பொறித்து, பக்கவாட்டில் 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு மட்டும் செருகியிருக்கும் ஆம்ப்ளிஃபையர்களை ஜே.சி. சாலை முழுக்கப் பார்க்கலாம். 60 ஆம்பியரை 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 828 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான் என்றால் வெளியே வருவது எவ்வளவு என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

சோதனை தொடங்கும் முன் பாதுகாப்பு. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள்; சிவப்பு முனை 10 ஆம்பியர் துளையில் செருகியிருந்தால் அதைப் பிடுங்கி வோல்ட் துளைக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் பேட்டரியின் மேல் முனைகளை வைத்த கணமே தீப்பொறி பறக்கும். தடிமனான ஒயர்களைக் கழற்றுவதாக இருந்தால், முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். அடுக்ககத்தின் அடித்தளத்தில் கார் நின்றால், என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு நெடுநேரம் சோதிக்காதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

அண்ணனின் காரில் நான் முதலில் பார்த்தது ஆம்ப்ளிஃபையரின் மேலிருக்கும் சிறு விளக்கை. அது எரியவே இல்லை. எரியவில்லை என்றால் ஆர்சிஏ, ஸ்பீக்கர், செட்டிங் எதையும் தொட வேண்டியதில்லை. பாசிட்டிவ், எர்த், ரிமோட் ஆகிய மூன்றில் ஒன்று வரவில்லை, அல்லது உண்மையிலேயே ஆம்ப்ளிஃபையர் பழுது. மீட்டரின் கறுப்பு முனையை ஆம்ப்ளிஃபையரின் எர்த் திருகில் வைத்து, சிவப்பு முனையால் மற்ற இரண்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும். கறுப்பு முனையைக் கார் உடலில் ஏதோ ஓரிடத்தில் வைப்பது வழக்கமாக எல்லோரும் செய்வது. ஆனால் அப்படி வைத்தால் எர்த் ஒயர் அறுந்திருந்தாலும் 12 வோல்ட் காட்டும். ஆம்ப்ளிஃபையருக்கு என்ன கிடைக்கிறது என்பது தெரியாமலே போய்விடும்.

பாசிட்டிவில் 12.4 வோல்ட் இருந்தது. அது இல்லாமல் போயிருந்தால் பானட்டைத் திறந்து, பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸின் இரு பக்கங்களிலும் தனித்தனியே அளந்திருக்க வேண்டும். கண்ணால் பார்த்து ஃபியூஸ் நன்றாக இருக்கிறது என்று சொல்வதில் பொருளில்லை. கம்பி முழுதாகத் தெரிந்தாலும் பிடிமானம் கருகிப் போயிருக்கலாம். அந்த ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அது ஆம்ப்ளிஃபையரைக் காப்பதற்காக வைக்கப்பட்டதன்று. கம்பளத்துக்கு அடியில் காரின் நீளம் முழுக்கப் போகும் ஒயர் எங்காவது தோலுரிந்து உடலில் பட்டால், கார் தீப்பிடிக்காமல் இருப்பதற்காக வைக்கப்பட்டது. ஆகவே, எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருக்கும் கார்களைப் பார்க்கும்போது எனக்குப் பாட்டின் நினைவே வருவதில்லை. பெங்களூரின் அடுக்கக அடித்தளங்களில் எலிகளின் தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. மழைக்காலத்தில் சூடான என்ஜினுக்குப் பக்கத்தில் வந்து தங்கும் அவை, ஒயரின் மேலுறையைக் கொறித்து வைத்துவிடுகின்றன. ஃபியூஸ் அடிக்கடி எரிந்தால் அந்தப் பகுதியைக் கையால் தடவியே பார்க்க வேண்டும்.

ரிமோட் முனையில் மீட்டர் பூச்சியம் காட்டியது. பாசிட்டிவிலிருந்து ரிமோட்டுக்கு ஒரு சிறிய ஒயர்த் துண்டை ஒரு கணம் தொட வைத்தேன்; பச்சை விளக்கு எரிந்தது. ஆம்ப்ளிஃபையர் சாகவில்லை என்பது அத்தோடு உறுதியாயிற்று. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. புதிய ஆம்ப்ளிஃபையருக்கு விலை சொல்லும் முன் கடையில் இதைச் செய்திருக்கலாம்.

பிறகு ஸ்டீரியோவில் ப்ளூடூத்தை விட்டு எஃப்எம் வானொலியைப் போட்டுப் பார்த்தேன். ரிமோட்டில் 12 வோல்ட் வந்தது. ப்ளூடூத்துக்கு மாறியதும் போயிற்று. காரணம் இதுதான். ஸ்டீரியோவின் பின்புறக் கற்றையில், வழக்கமான நிற முறைப்படி, மஞ்சள் எப்போதும் மின்சாரம் இருக்கும் ஒயர், சிவப்பு சாவி திருப்பினால் வருவது, கறுப்பு எர்த், முழு நீலம் ஏறி இறங்கும் ஆன்டெனாவுக்கானது, வெள்ளைக் கோடு போட்ட நீலம் ஆம்ப்ளிஃபையருக்கானது. ஆன்டெனா ஒயரில் பல ஸ்டீரியோக்கள் வானொலி ஓடும்போது மட்டும்தான் மின்சாரம் தருகின்றன. பாட்டைக் கைப்பேசியிலிருந்து கேட்கும்போது ஆன்டெனா எதற்கு என்பது அவற்றின் கணக்கு. பொருத்தியவர் இரண்டு நீலங்களில் தவறானதில் ரிமோட்டை முறுக்கிவிட்டிருந்தார். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்களில் நிற முறை சில நேரம் மாறியிருக்கும் என்பதால் ஒயரின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிப்பதுதான் சரி. அதில் ‘ஆம்ப் கான்’ என்று இருப்பதுதான் நமக்கு வேண்டியது. கம்பெனியிலிருந்தே வரும் ஸ்டீரியோவாக இருந்து அப்படியோர் ஒயரே இல்லை என்றால், சாவி திருப்பினால் மட்டும் உயிர்பெறும் ஃபியூஸ் ஒன்றிலிருந்து, அதற்கென விற்கும் இணைப்பியை வைத்து எடுத்துக்கொள்ளலாம். எப்போதும் மின்சாரம் இருக்கும் ஒயரிலிருந்து எடுத்தால் ஆம்ப்ளிஃபையர் இரவு முழுக்க விழித்திருந்து, காலையில் கார் கிளம்பாது.

ரிமோட்டைச் சரியான ஒயருக்கு மாற்றியதும் சப்வூஃபர் ஒலித்தது. அண்ணன் மகிழ்ந்துபோய்ச் சத்தத்தைக் கூட்டினார். தவில் வந்த இடத்தில் ஒரு ‘டப்’ என்ற ஓசை. ஆம்ப்ளிஃபையர் நின்றது, இரண்டு நொடி கழித்துத் தானாக எழுந்தது, மறுபடி நின்றது. இந்த இரண்டாவது கோளாறுதான் என் பார்வையில் முக்கியமானது, ஏனென்றால் இதைச் சாதாரணச் சோதனை எதுவும் காட்டிக்கொடுக்காது.

எர்த் ஒயரைச் சோதிக்கும் வழக்கமான முறை, மீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு அறாமல் இருக்கிறதா என்று பார்க்கும் நிலையில்) வைத்து ‘பீப்’ ஒலி வருகிறதா என்று கேட்பது. அண்ணனின் காரிலும் பீப் வந்தது. ஆனால் பெரும்பாலான மீட்டர்கள் சில பத்து ஓம் வரையிலும் பீப் ஒலி தந்துவிடும். ஓம் அளவிலேயே பார்க்கலாம் என்றால், மலிவான மீட்டரின் மிகச் சிறிய படி 0.1 ஓம், அதற்கும் கீழே இருக்கும் தடை அதன் கண்ணில் படாது. எர்த் ஒயரில் 0.06 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மீட்டருக்கு அது பூச்சியம். ஆம்ப்ளிஃபையர் சும்மா இருக்கும்போது இழுக்கும் 1 ஆம்பியருக்கு அதில் இழப்பது 0.06 வோல்ட், அதுவும் பூச்சியம் மாதிரிதான். தவில் அடிக்கும் கணத்தில் 30 ஆம்பியர் இழுத்தால் இழப்பு 1.8 வோல்ட். சுமை இல்லாமல் எர்த்தைச் சோதித்து நன்றாக இருக்கிறது என்று சொல்வது, விடியற்காலை நான்கு மணிக்கு சில்க் போர்டு சந்திப்பைக் கடந்துவிட்டு அங்கே நெரிசலே இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

ஆகவே சுமையோடுதான் அளக்க வேண்டும், ஓமில் அன்று, வோல்ட்டில். கைப்பேசியில் 50 ஹெர்ட்ஸ் சீரான ஒலி ஒன்றை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபையர் நின்றுவிடும் அளவுக்குச் சற்றுக் கீழே சத்தத்தை வைத்துக்கொண்டேன். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு நீளமான சாதாரண ஒயரைப் பின்னால் வரை இழுத்து, அதற்கும் ஆம்ப்ளிஃபையரின் எர்த் திருகுக்கும் இடையே அளந்தேன்: 1.8 வோல்ட். இந்த இரண்டு புள்ளிகளும் பெயரளவில் ஒரே எர்த், அவற்றுக்கிடையே 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அதைப் பழுதாகவே எடுத்துக்கொள்கிறேன். அதே முறையில் பாசிட்டிவ் ஒயரின் இரு முனைகளுக்கிடையே 0.5 வோல்ட். அந்த நேரத்தில் பேட்டரியில் 12.1 இருந்தது, இரண்டு இழப்புகளையும் கழித்தால் ஆம்ப்ளிஃபையருக்குக் கிடைத்தது 9.8 வோல்ட். பல ஆம்ப்ளிஃபையர்கள் 10 வோல்ட்டை ஒட்டிய அளவில் தம்மைத் தாமே நிறுத்திக்கொள்ளும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. அது அப்போது செய்ததும் தன் கடமையைத்தான்.

எர்த் ஒயரைப் பின்தொடர்ந்து போனால், ஆம்ப்ளிஃபையரை இடம் மாற்றியபோது, இருக்கையின் முதுகுத் தகட்டில் பெயிண்டின் மேலேயே ஒரு சிறு திருகால் முடுக்கியிருந்தார்கள். திருகின் மரை கிழித்துக்கொண்டு போன அந்த மெல்லிய வளையத்தில் மட்டும்தான் உலோகம் உலோகத்தைத் தொட்டது. இருக்கையின் முதுகுத் தகடோ கீல் வழியாகக் காரின் உடலோடு சேர்வது. அந்தக் கீலில் கிரீஸும் தூசியும் இருக்கும். டிக்கித் தரையில் காரின் உடலோடு பற்றவைத்த தடித்த தகடாகப் பார்த்து ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்தேன். கீழே பெட்ரோல் தொட்டியோ குழாயோ இல்லை என்பதைப் படுத்துப் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகு துளையிட்டு, உப்புத்தாளால் பெயிண்டை வெள்ளித் தகடு தெரியும் வரை தேய்த்து, ஒயர் முனையில் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) வைத்து நசுக்கி, பல்வைத்த வாஷரோடு போல்ட்டும் நட்டும் போட்டு முடுக்கி, துரு ஏறாமலிருக்க மேலே கிரீஸ் தடவிவிட்டேன். இருக்கை பெல்ட்டின் போல்ட் கைக்கு வாட்டமாக இருக்கிறதென்று அதில் எர்த் ஒயரை மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். உயிரைக் காக்கும் போல்ட்டின் அடியில் லக்கைச் செருகுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எர்த் ஒயர் பாசிட்டிவ் ஒயர் அளவுக்கே தடிமனாக இருக்க வேண்டும், நீளம் அரை மீட்டருக்குள் இருந்தால் நல்லது. மீண்டும் அளந்தபோது எர்த்தில் இழப்பு 0.1 வோல்ட்டாகக் குறைந்திருந்தது. தவில் முழுமையாக அடித்தது.

பாசிட்டிவில் போன அந்த 0.5 வோல்ட் ஒயரின் குணம். 8 கேஜ் (இந்த எண் குறையக் குறைய ஒயரின் தடிமன் கூடும்) சுத்தச் செம்பாக இருந்தால், 5 மீட்டர் நீளத்துக்கு 30 ஆம்பியரில் 0.3 வோல்ட்தான் இழந்திருக்க வேண்டும். முனையை வெட்டிப் பார்த்தால் இழைகளின் மேல்புறம் செம்பு நிறம், நடுப்புறம் வெள்ளி நிறம்: அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயர். நம் சந்தையில் ‘ஆம்ப் கிட்’ என்று பளபளப்பான உறையில் வருபவற்றில் நிறைய இந்த ரகம்தான். அதே தடிமனுள்ள செம்பு ஒயரோடு ஒப்பிட்டால் இது மின்சாரத்தைக் கடத்தும் திறன் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. முறுக்கி மடக்கினால் இழைகள் ஒடியவும் செய்யும். ஒயரின் உறை தடிமனைப் பார்த்து ஏமாறாமல், கடைக்காரரை ஒரு முனையை வெட்டிக் காட்டச் சொல்லி வாங்குவது நல்லது.

விளக்கு ஒழுங்காகப் பச்சையில் எரிந்தும் ஒலி இல்லை என்பது வேறொரு வகை. அங்கே மின்சாரத்தை விட்டுவிட்டுப் பாட்டு போகும் வழியைப் பார்க்க வேண்டும். கைப்பேசியையோ ஒரு பழைய எம்பி3 பிளேயரையோ, ஹெட்போன் துளையிலிருந்து ஆர்சிஏவுக்கு மாறும் ஒயர் வழியாக நேராக ஆம்ப்ளிஃபையரில் செருகிவிட்டால் கேள்வி பாதியாகக் குறைந்துவிடும். ஒலி வந்தால் கோளாறு ஸ்டீரியோவிலோ ஆர்சிஏ ஒயரிலோ. வராவிட்டால் ஆம்ப்ளிஃபையரிலோ சப்வூஃபரிலோ. ஆம்ப்ளிஃபையரின் கெயினை, அதாவது உள்ளே வரும் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் திருகை, குறைந்த அளவில் வைத்துவிட்டுச் செருகுங்கள். ஸ்டீரியோ பக்கம் என்றால், பலமுறை அது பழுதே இல்லை: சப்வூஃபர் அவுட்புட் மெனுவில் அணைக்கப்பட்டிருக்கும், அல்லது ஆர்சிஏ பின் ஸ்பீக்கருக்கான துளையில் செருகப்பட்டு முன்பின் ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பகிரும் ஃபேடர் முழுக்க முன்பக்கம் தள்ளப்பட்டிருக்கும். ஆம்ப்ளிஃபையரிலேயே இருக்கும் ஃபில்டர் சுவிட்ச் ஹை பாஸுக்கு நகர்ந்திருந்தாலும் சப்வூஃபருக்குப் போக வேண்டிய தாழ்ந்த ஒலி முழுக்க வெட்டப்பட்டுவிடும். டிக்கியில் பெட்டிகளை ஏற்றி இறக்கும்போது அந்தச் சுவிட்ச் நகர்வது சாதாரணம். மேலே சொன்ன 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு இங்கும் பயனுண்டு. வீட்டு மின்சாரமும் அதே 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான மீட்டரும் அதை ஏசி வோல்ட்டாக ஓரளவு சரியாகவே காட்டும். சப்வூஃபர் ஒயரைக் கழற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் முனைகளில் அளந்தால், ஒலி வெளியே வருகிறதா என்பது எண்ணாகவே தெரிந்துவிடும்.

சப்வூஃபரைச் சோதிப்பது எளிது. ஒயரைக் கழற்றி ஓமில் அளந்தால், 4 ஓம் காயிலுக்கு (ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்) 3.2 முதல் 3.7 வரை காட்டும். டிசி தடை எப்போதும் பெயரளவைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. கூம்பை நான்கு விரல்களால் சீராக அழுத்தும்போது உரசும் சத்தம் வந்தாலோ, கருகிய வார்னிஷ் மணம் வந்தாலோ காயில் வெந்துவிட்டது என்று பொருள்.

ஆனால் இந்த அளவுகளையெல்லாம் தாண்டி ஏமாற்றும் கோளாறு ஒன்று உண்டு. ஒயிட்ஃபீல்டில் இருக்கும் அலுவலக நண்பர் ஒருவரின் காரில் விளக்கு பச்சை, ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஏசி வோல்ட் வருகிறது, சப்வூஃபரின் தடையும் சரியாக 2 ஓமை ஒட்டியே காட்டுகிறது, ஆனால் கூம்பு அசையவில்லை. அது இரட்டைக் காயில் சப்வூஃபர்: ஒரே கூம்பில் இரண்டு 4 ஓம் காயில்கள். இரண்டையும் இணையாக இணைத்தால் 2 ஓம், தொடராக இணைத்தால் 8 ஓம். அவற்றில் ஒன்றின் பிளஸும் மைனஸும் மாறிவிட்டால், ஒரு காயில் கூம்பை வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். விசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, மின்சாரம் முழுவதும் வெப்பமாக மட்டும் மாறும். மீட்டருக்குத் திசை தெரியாது என்பதால் தடை ஒன்றுபோலவே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க 1.5 வோல்ட் டார்ச் பேட்டரி போதும். காயில்களைப் பிரித்து, ஒவ்வொன்றாக, பேட்டரியின் பிளஸைக் காயிலின் பிளஸில் ஒரு கணம் தொடவைத்தால் கூம்பு மெல்ல வெளியே நகர வேண்டும். ஒன்று வெளியேயும் ஒன்று உள்ளேயும் நகர்ந்தால் விடை கிடைத்துவிட்டது. நண்பர் ஏற்கெனவே ஆம்ப்ளிஃபையரை மாற்றிவிட்டிருந்தார். புதிய ஆம்ப்ளிஃபையரோடும் ஒலிக்கவில்லை என்பதால்தான் என்னைக் கேட்டார்.

சிவப்பு விளக்கு, அதாவது ‘புரொடெக்ட்’ நிலை, பலரை அச்சுறுத்துகிறது. முதலில் ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றுங்கள். சிவப்பு போய்விட்டால் ஒயரின் இழை எங்கோ உடலில் படுகிறது, அல்லது சப்வூஃபரின் ஓம் ஆம்ப்ளிஃபையர் தாங்கும் அளவைவிடக் குறைவு. இரண்டு சேனல்களையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் பிரிட்ஜ் முறையில் இணைக்கும்போது பல ஆம்ப்ளிஃபையர்களுக்கு 4 ஓமுக்குக் கீழே ஆகாது. அடுத்து ஆர்சிஏவைக் கழற்றுங்கள். பாசிட்டிவ், எர்த், ரிமோட் மூன்று மட்டும் இருக்க, வோல்ட்டும் சரியாக இருக்க, அப்போதும் சிவப்பு எரிந்தால் மட்டுமே பழுது உள்ளே இருக்கிறது.

அப்படி உள்ளே பழுது இருந்தாலும் தூக்கியெறிய வேண்டியதில்லை. எல்லா ஒயரையும் கழற்றிவிட்டு, பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். பூச்சியத்தை ஒட்டி நிலையாக நின்றால் மின்னழுத்தத்தை உயர்த்தும் பகுதியின் மாஸ்ஃபெட்கள் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்கள்) ஷார்ட் ஆகியிருக்கலாம். பேட்டரியைத் தலைகீழாக இணைத்த வரலாறு இருந்தால், பாதுகாப்புக்கு வைத்திருக்கும் டையோடு மட்டும் போயிருக்கவும் வாய்ப்புண்டு. ஐஆர்எஃப்இசட்44, ஐஆர்எஃப்3205 போன்ற மாஸ்ஃபெட்கள், அவற்றை இயக்கும் டிஎல்494 சிப் எல்லாம் எஸ்.பி. சாலையில் தட்டில் கொட்டி விற்கும் சாதாரணச் சரக்குகள். ஆம்ப்ளிஃபையர் ரிப்பேரில் கைதேர்ந்தவரிடம் கொடுத்தால், எரிந்த ஒன்றை மட்டும் மாற்றாமல், பக்கத்தில் இணையாக இருக்கும் எல்லா மாஸ்ஃபெட்களையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். வெப்பத்தில் பாதி வெந்த மற்றவை அடுத்த வாரமே போகக்கூடும். நல்ல கம்பெனி ஆம்ப்ளிஃபையராக இருந்தால் இந்தச் செலவு நிச்சயம் தகும். 5000 வாட் ரகமாக இருந்தால் நான் யோசிப்பேன்.

அண்ணனின் காரில் கடைசியாகக் கெயினைச் சரிசெய்தோம். 500 வாட், 2 ஓம் என்றால் ஸ்பீக்கர் முனைகளில் ஏறக்குறைய 31.6 வோல்ட் ஏசி. 500ஐ 2ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும் எண். சப்வூஃபரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோ சத்தத்தை முக்கால் அளவில் வைத்து, அந்த எண்ணுக்குச் சற்றுக் குறைவாகவே கெயினை நிறுத்தினோம். பாசிட்டிவ் ஒயருக்குப் பதிலாக 4 கேஜ் செம்பு ஒயர் போட அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இழுத்துக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முன்னால் கையுறைப் பெட்டிக்குப் பின்னே இருக்கும் ரப்பர் துளை வழியாக என்ஜின் பக்கத்துக்கு அதை எடுத்துப் போவதுதான் அந்தக் காரில் மிகவும் சலிப்பான வேலை. அதைத் தனிப் பதிவாகப் படங்களோடு எழுதுகிறேன்.